புதிய நாடுகள் எப்படிப் பிறந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘உலகின் மிக இளைய நாடு எது?’ என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்குத் தெற்கு சூடான் என்று பலரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். அது எப்படி நாடானது என்று கேட்டால், ‘ஓட்டெடுப்பு நடத்திப் பிரிந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மற்ற எல்லாச் சந்தேகங்களும் அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். பிரிந்துபோன பகுதி முன்பு எந்த நாட்டுக்குள் இருந்ததோ, அதைச் சுருக்கமாகப் ‘பழைய நாடு’ என்று குறிப்பிடுகிறோம்.

1. இப்போதைக்கு உலகத்துலயே புது நாடு எது? அதுக்கு முன்னாடி வந்தது எதெல்லாம்?

தெற்கு சூடான். 2011 ஜூலை 9 அன்று சூடானிலிருந்து பிரிந்தது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 14 அன்று, ஐ.நா.வின் 193ஆவது உறுப்பினரானது. அதன் பிறகு ஐ.நா.வில் புதிதாக எந்த நாடும் சேரவில்லை.

அதிலிருந்து பின்னோக்கிப் போனால் மாண்டினீக்ரோ (2006 ஜூன் 3), கிழக்குத் திமோர் (2002 மே 20), பலாவ் (1994 அக்டோபர் 1), எரித்திரியா (1993 மே 24), செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் (1993 ஜனவரி 1). கொசோவோ 2008 பிப்ரவரி 17 அன்று சுதந்திரம் அறிவித்தது. அதை இந்த வரிசையில் வைக்கலாமா என்பதற்கு 12ஆம் கேள்வியில் பதில் இருக்கிறது.

2. பார்படோஸ் 2021-ல சுதந்திரம் வாங்குச்சுன்னு படிச்சேனே? எஸ்வாட்டினி, வட மாசிடோனியா எல்லாம் புது நாடு இல்லையா?

இல்லை. பார்படோஸ் 1966இலேயே சுதந்திர நாடு. 2021 நவம்பர் 30 அன்று பிரிட்டன் அரசியை நாட்டின் தலைமையிலிருந்து விலக்கிவிட்டுக் குடியரசானது, அவ்வளவே. எஸ்வாட்டினி 2018இல் சுவாசிலாந்து என்ற பழைய பெயரை மாற்றிக்கொண்டது. வட மாசிடோனியா 2019இல் கிரேக்கத்துடன் இருந்த பெயர்த் தகராறைத் தீர்க்கப் பெயருக்கு முன்னால் ‘வட’ சேர்த்துக்கொண்டது. ஐ.நா.வில் சேர்ந்த தேதியை வைத்தும் முடிவு செய்ய முடியாது. சுவிட்சர்லாந்து ஐ.நா.வில் சேர்ந்ததே 2002இல்தான். அதனால் அது இளைய நாடாகிவிடாது.

3. ஒரு பகுதி தனிநாடு ஆகணும்னா என்னென்ன இருக்கணும்?

1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ ஒப்பந்தம் நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஆட்சி நடத்தும் அரசு, பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். பாடப்புத்தகங்களில் வருவது இதுதான்.

நடைமுறையில் இந்த நான்கும் போதவில்லை. சோமாலிலாந்து 1991 மே 18 அன்று சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்தது. மக்கள், நிலம், அரசு, தேர்தல், சொந்தப் பணம் எல்லாம் அதற்கு உண்டு. ஆனாலும் 2025 டிசம்பரில் இஸ்ரேல் அங்கீகரிக்கும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதை அங்கீகரிக்கவில்லை. மறுபக்கம் தெற்கு சூடான் பிறந்தபோது அதன் எல்லையே முழுதாக முடிவாகவில்லை. இருந்தும் ஐந்தே நாளில் ஐ.நா.வுக்குள் போனது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பழைய நாட்டின் சம்மதம். மான்டிவிடியோ பட்டியலில் அது இல்லை. ஆனால் கீழே வரும் எல்லா நாடுகளின் கதையிலும் அதுதான் நடுவில் நிற்கிறது.

4. அப்போ மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தி ஜெயிச்சா போதாதா?

போதாது. 2017இல் இரண்டு இடங்களில் இது தெரிந்தது. ஈராக்கின் குர்திஸ்தானில் செப்டம்பர் 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 92.7 சதவீதம் பேர் சுதந்திரம் வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்துக்குள், குர்துகளின் கையில் இருந்த கிர்குக் நகரை ஈராக் படைகள் கைப்பற்றின. குர்து விமான நிலையங்களுக்கு வெளிநாட்டு விமானங்கள் வருவது நிறுத்தப்பட்டது. கையில் இருந்ததும் போனது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் அக்டோபர் 1 அன்று வாக்களித்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்களே 43 சதவீதம்தான். அக்டோபர் 27 அன்று சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிய அதே நாளில், ஸ்பெயின் அரசியலமைப்பின் 155ஆம் பிரிவைப் பயன்படுத்தி அங்கிருந்த அரசைக் கலைத்தது. எந்த நாடும் அந்தத் தீர்மானத்தை அங்கீகரிக்கவில்லை.

வாக்கெடுப்பு என்பது கடைசிப் படிகளில் ஒன்று. ‘முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்வோம்’ என்று பழைய நாடு முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால்தான் வாக்குச்சீட்டுக்கு மதிப்பு. ஸ்காட்லாந்து 2014இல் தோற்றது உண்மைதான். ஆனால் 2012 அக்டோபரில் லண்டன் அரசும் எடின்பரோ அரசும் ஒப்பந்தம் போட்டிருந்ததால், ஜெயித்திருந்தால் பிரிவினை பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கும். தெருச் சண்டைக்குப் போயிருக்காது.

5. தெற்கு சூடான் பிரிஞ்சதைப் படிப்படியா சொல்ல முடியுமா?

வடக்குக்கும் தெற்குக்கும் இரண்டு பெரிய போர்கள் நடந்தன: 1955 முதல் 1972 வரை ஒன்று, 1983 முதல் 2005 வரை இன்னொன்று. இரண்டாவது போரில் மட்டும் போர், பஞ்சம், நோய் என்று சுமார் 20 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். முதல் போரை முடித்த 1972ஆம் ஆண்டின் அடிஸ் அபாபா ஒப்பந்தம் தெற்குக்குத் தன்னாட்சி கொடுத்தது. 1983இல் சூடான் அதிபர் நிமெய்ரி அந்தத் தன்னாட்சியைத் தன் உத்தரவாலேயே ரத்து செய்தார். போர் மறுபடி வெடித்தது. அடுத்த ஒப்பந்தத்தில் வெறும் தன்னாட்சியோடு நிற்கத் தெற்கு தயாராக இல்லாததற்கு இந்த அனுபவமே காரணம்.

கென்யாவில் நடந்த பேச்சில் 2002 ஜூலையில் மச்சாகோஸ் நெறிமுறை கையெழுத்தானது. தெற்கு தன் எதிர்காலத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்று வடக்கு ஒப்புக்கொண்டது அங்கேதான். 2005 ஜனவரி 9 அன்று நைரோபியில் முழு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி ஆறு ஆண்டு இடைக்காலம், அந்தக் காலத்தில் தெற்குக்குத் தனி அரசும் தனிப் படையும் உண்டு, தெற்கின் எண்ணெய் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி தெற்குக்கு, கடைசியில் வாக்கெடுப்பு. அந்த ஆறு ஆண்டில் ‘ஒற்றுமையே நல்லது’ என்று மக்கள் நினைக்கும்படி இரு தரப்பும் உழைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அப்படி உழைக்கக்கூடியவர் என்று நம்பப்பட்ட தெற்கின் தலைவர் ஜான் கரங், சூடானின் முதல் துணை அதிபராகப் பதவியேற்று 21 நாளில், 2005 ஜூலை 30 அன்று, ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் சல்வா கீர்.

இடைக்காலம் தொடங்கியது 2005 ஜூலை 9. ஆறு ஆண்டு கழித்து அதே தேதியில் சுதந்திர நாள் வருவது அதனால்தான். வாக்களித்த நாளுக்கும் (2011 ஜனவரி 9 முதல் 15 வரை) சுதந்திரத்துக்கும் இடையே ஆறு மாதம் இருந்தது. பழைய நாடான சூடான், ஒரு நாள் முன்பே, ஜூலை 8 அன்று, புதிய நாட்டை அங்கீகரித்துவிட்டது. அதற்குப் பின் உலகில் வேறு யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

6. 98.83 சதவீதம் ‘பிரிவோம்’னு ஓட்டு விழுந்துச்சாமே. இவ்வளவு அதிகமா வந்தா சந்தேகம் வராதா?

சந்தேகம் நியாயம்தான். அதனால்தான் விதிகளைப் பார்க்க வேண்டும். பதிவு செய்த வாக்காளர்களில் 60 சதவீதமாவது வாக்களிக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வாக்கெடுப்பு செல்லாது. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெற்றி. யார் வாக்காளர் என்பதற்கும் விதி உண்டு: தெற்கின் பூர்வகுடிகளின் வழிவந்தவராக இருக்க வேண்டும், அல்லது 1956 ஜனவரி 1 முதல் தெற்கில் தொடர்ந்து வசிப்பவராகவோ அப்படி வசித்தவரின் வாரிசாகவோ இருக்க வேண்டும். தெற்கில் மட்டுமல்லாமல் வடக்கிலும், கென்யா, உகாண்டா, எகிப்து, அமெரிக்கா உட்பட எட்டு வெளிநாடுகளிலும் வாக்குச்சாவடிகள் இருந்தன.

பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வாக்குச்சீட்டில் படங்கள். ஒற்றைக் கை உயர்ந்திருந்தால் பிரிவினை. இரண்டு கைகள் சேர்ந்திருந்தால் ஒற்றுமை. விருப்பமான படத்துக்குப் பக்கத்து வட்டத்தில் விரல் ரேகை வைக்க வேண்டும். 37,92,518 பேர் பிரிவினைக்கும் 44,888 பேர் ஒற்றுமைக்கும் வாக்களித்தார்கள். சில வட்டாரங்களில் பதிவு செய்தவர்களைவிட வாக்குகள் அதிகமாக வந்தது உண்மை. ஆனால் வித்தியாசம் 37 லட்சத்துக்கு மேல். அந்தக் குறைகளையெல்லாம் கழித்தாலும் முடிவு மாறாது. வடக்கில் வசித்த தெற்கத்தியரிடையே பிரிவினைக்கு 58 சதவீதம் அளவுக்குத்தான் கிடைத்தது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதிவைத்த எண் இல்லை இது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

7. தெற்கு சூடானுக்குப் பாதிக்கு மேல இருந்தா போதும். மாண்டினீக்ரோவுக்கு மட்டும் ஏன் 55 சதவீதம்?

மாண்டினீக்ரோ மக்கள் இந்தக் கேள்வியில் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்திருந்தார்கள். ஒரு வாக்கு வித்தியாசத்தில் நாடு பிறந்தால் மறுநாளே கலவரம் வரும் என்ற பயம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் நடுவில் நின்று, செல்லும் வாக்குகளில் 55 சதவீதம் கிடைத்தால் அங்கீகரிப்போம் என்று வரம்பு வைத்தது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

2006 மே 21 அன்று 86 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. சுதந்திரத்துக்கு 2,30,661, எதிராக 1,85,002. அதாவது 55.5 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வரம்பைத் தாண்டியது 2,000 வாக்குகளுக்குச் சற்று மேல்தான். 50க்கும் 55க்கும் இடையில் எங்காவது நின்றிருந்தால், பெரும்பான்மை கேட்டும் நாடு கிடைக்காத நிலை வந்திருக்கும். அப்படி வந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை; அந்த வகையில் அது ஆபத்தான விதி.

பிரிய வழி மட்டும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 2003இல் செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்து அமைத்த கூட்டரசின் சாசனத்தில் 60ஆம் பிரிவு, மூன்று ஆண்டுக்குப் பின் எந்தப் பங்காளியும் வாக்கெடுப்பு நடத்தி விலகலாம் என்றது. விலகுபவர் புதிதாக ஐ.நா.வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மிச்சமிருப்பவருக்கே பழைய இடம் என்றும் இருந்தது. அப்படியே நடந்தது. செர்பியா பழைய இடத்தில் தொடர்ந்தது. மாண்டினீக்ரோ 2006 ஜூன் 28 அன்று 192ஆவது உறுப்பினரானது.

8. கிழக்குத் திமோர் ஓட்டுப் போட்டது 1999, சுதந்திரம் 2002. நடுவுல மூணு வருஷம் என்ன நடந்துச்சு?

அதற்கு முன்பே ஒருமுறை சுதந்திரம் அறிவித்த நாடு அது. போர்த்துக்கல் விலகிய நேரத்தில் ஃப்ரெட்டிலின் கட்சி 1975 நவம்பர் 28 அன்று சுதந்திரம் அறிவித்தது. ஒன்பது நாளில் இந்தோனேசியப் படை இறங்கியது. 1976 ஜூலையில் அதைத் தன் 27ஆவது மாகாணம் என்று இந்தோனேசியா சேர்த்துக்கொண்டது. ஐ.நா. அந்த இணைப்பை ஏற்கவே இல்லை. அதன் ஏட்டில் கடைசிவரை போர்த்துக்கல்தான் நிர்வாகப் பொறுப்பாளர். 24 ஆண்டு கழித்து அந்த ஏட்டுக் குறிப்புதான் கதவைத் திறந்தது. சுகார்த்தோ 1998 மேயில் பதவி விலகினார். அடுத்து வந்த ஹபிபி வாக்கெடுப்புக்குச் சம்மதித்தார். 1999 மே 5 அன்று நியூயார்க்கில் இந்தோனேசியா, போர்த்துக்கல், ஐ.நா. மூன்றும் கையெழுத்திட்டன.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு பெரிய ஓட்டை. வாக்கெடுப்பை நடத்துவது ஐ.நா.; பாதுகாப்புப் பொறுப்பு இந்தோனேசியாவிடம். ஆகஸ்ட் 30 அன்று 98 சதவீதத்துக்கு மேல் மக்கள் வந்து வாக்களித்தார்கள், 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற திட்டத்தை நிராகரித்தார்கள். செப்டம்பர் 4 அன்று முடிவு அறிவித்ததும், இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராக எரித்தன. 1,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் இந்தோனேசியாவின் மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள் அல்லது ஓடினார்கள். ஆஸ்திரேலியா தலைமையிலான பன்னாட்டுப் படை செப்டம்பர் 20 அன்றுதான் இறங்கியது. அந்த இரண்டு வாரம், ஒப்பந்தத்தின் ஒரு வரிக்கு அந்த மக்கள் கொடுத்த விலை.

மிஞ்சியது எரிந்த பள்ளிகளும் அலுவலகங்களும். அரசு நடத்த ஆளும் இல்லை, கோப்பும் இல்லை. ஆகவே 1999 அக்டோபர் முதல் ஐ.நா.வே நேரடியாக ஆட்சி நடத்தியது. செர்ஜியோ வியேரா டி மெல்லோ பொறுப்பாளர். 2001 ஆகஸ்டில் அரசியலமைப்பு அவைக்குத் தேர்தல், 2002 ஏப்ரலில் சனானா குஸ்மாவ் அதிபராகத் தேர்வு, மே 20 அன்று சுதந்திரம். அங்கு மக்கள் கொண்டாடும் இரண்டு நாட்களில் நவம்பர் 28ஐ ‘அறிவித்த நாள்’ என்றும் மே 20ஐ ‘மீட்ட நாள்’ என்றும் சொல்வது இதனால்தான்.

9. ஓட்டெடுப்பே நடத்தாம பிரிஞ்ச நாடு உண்டா?

உண்டு. செக்கோஸ்லோவாக்கியா. 1992 ஜூன் தேர்தலில் செக் பகுதியில் வாக்லாவ் கிளாஸும் ஸ்லோவாக் பகுதியில் விளாதிமிர் மெச்சியரும் வென்றார்கள். கூட்டரசு எப்படி இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. கருத்துக்கணிப்புகளில் இரு பக்கமும் பெரும்பாலோர் பிரிவினையை விரும்பவில்லை. ஆனாலும் தலைவர்கள் பேசி முடித்தார்கள். 1992 நவம்பர் 25 அன்று நாடாளுமன்றமே தன் நாட்டைக் கலைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

பங்கீடு எளிமையான விதியில் நடந்தது. கட்டடம், நிலம் போன்ற அசையாச் சொத்து இருக்கும் இடத்துக்காரருக்கு. மற்றவை மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று. படைக் கருவிகள் உட்பட. பணத்தில்தான் சிக்கல் வந்தது. சில மாதமாவது பொதுப் பணம் ஓடட்டும் என்று திட்டமிட்டார்கள். ஸ்லோவாக் பணம் மதிப்பிழக்கும் என்று எல்லோரும் நினைத்ததால், சேமிப்பு செக் வங்கிகளை நோக்கி ஓடியது. ஐந்தே வாரத்தில், 1993 பிப்ரவரி 8 அன்று, பணத்தைப் பிரித்தார்கள். புதிய நோட்டு அச்சாகும்வரை பழைய நோட்டில் தபால்தலை போன்ற ஒட்டுச்சீட்டு ஒட்டிப் புழங்கவிட்டார்கள். ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு நாடு பிரிந்தது உறைத்தது அந்த ஒட்டுச்சீட்டைப் பார்த்தபோதுதான் இருக்கும்.

10. எரித்திரியா போர்லயே ஜெயிச்சிருச்சு. அப்புறம் எதுக்கு ரெண்டு வருஷம் காத்திருந்து ஓட்டெடுப்பு?

1991 மே 24 அன்று விடுதலைப் படை தலைநகர் அஸ்மாராவுக்குள் நுழைந்துவிட்டது. முப்பது ஆண்டுப் போர் முடிந்தது. அன்றே சுதந்திரம் அறிவித்திருக்கலாம். தலைவர்கள் அறிவிக்கவில்லை. தானே அறிவித்தால், 3ஆம் கேள்வியில் சொன்ன சோமாலிலாந்தின் நிலைதான். அதே நேரத்தில் பழைய நாடான எத்தியோப்பியாவிலும் ஆட்சி மாறியிருந்தது. மெலஸ் செனாவியின் புதிய அரசு வாக்கெடுப்புக்குச் சம்மதித்தது.

1993 ஏப்ரல் 23 முதல் 25 வரை ஐ.நா. பார்வையில் வாக்கெடுப்பு, 99.8 சதவீதம் ஆதரவு. அஸ்மாரா விழுந்த அதே மே 24ஐச் சுதந்திர நாளாக வைத்தார்கள். நான்கு நாளில் ஐ.நா. உறுப்பினர். அந்த இரண்டு ஆண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பலன், ஒரு நாடும் எதிர்க்காத அங்கீகாரம். எல்லையை மட்டும் தரையில் அளந்து கல் நடாமல் விட்டார்கள். அதன் விளைவு 14ஆம் கேள்வியில்.

11. பலாவ் யார்கிட்ட இருந்து சுதந்திரம் வாங்குச்சு?

அமெரிக்காவிடமிருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பசிபிக் தீவுகளை ஐ.நா.வின் சார்பில் அமெரிக்கா பொறுப்பில் வைத்திருந்தது. பலாவ் மக்கள் எழுதிய அரசியலமைப்பு அணு ஆயுதத்துக்குத் தடை போட்டது. அதைத் தளர்த்த 75 சதவீத வாக்கு வேண்டும் என்றது. அமெரிக்காவுடனான கூட்டுறவு ஒப்பந்தமோ அமெரிக்கக் கப்பல்களுக்கு இடம் கேட்டது. 1983 முதல் 1990 வரை ஏழு முறை வாக்கெடுப்பு. ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் வந்தும் 75ஐ எட்டவில்லை. 1992இல் அரசியலமைப்பைத் திருத்திச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கி, 1993இல் எட்டாவது முறை நிறைவேற்றினார்கள். 20,000 பேர்கூட இல்லாத நாடு, தான் எழுதிய ஒரு வரிக்காக வல்லரசைப் பத்தாண்டு காக்க வைத்தது. ஐ.நா.வின் பொறுப்பில் இருந்த கடைசிப் பகுதியும் அதுவே. பலாவ் விடுபட்டதும் பொறுப்பாண்மை அவைக்கு வேலை இல்லாமல் 1994 நவம்பரில் அது செயல்பாட்டை நிறுத்தியது.

12. கொசோவோ நாடா, இல்லையா? ஒரே பதில் சொல்லுங்க.

ஒரே பதில் கிடையாது; யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலகில் பாதிக்கும் மேற்பட்ட நாடுகள் அங்கீகரித்திருக்கின்றன. இந்தியா அங்கீகரிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஐந்தும் அங்கீகரிக்கவில்லை. உலக வங்கியிலும் பன்னாட்டு நிதியத்திலும் 2009இல் சேர்ந்தது. ஒலிம்பிக் சங்கத்தில் 2014இல் சேர்ந்து, 2016 ரியோவில் மைலிண்டா கெல்மெண்டி ஜூடோவில் தங்கம் வென்றார். ஐ.நா.வில் மட்டும் இடமில்லை.

காரணம் பழைய நாடான செர்பியா சம்மதிக்காதது. 1999இல் நேட்டோவின் 78 நாள் குண்டுவீச்சுக்குப் பின் ஐ.நா. நிர்வாகம் வந்தது; 2007இல் ஐ.நா. தூதர் மார்ட்டி அக்திசாரி முன்வைத்த திட்டம் பாதுகாப்பு அவையில் தேறவில்லை; அதன் பின் கொசோவோ தானாக அறிவித்தது. சர்வதேச நீதிமன்றம் 2010 ஜூலை 22 அன்று கருத்து சொன்னது. பலர் இதைத் தவறாகப் படிக்கிறார்கள். ‘சுதந்திரம் அறிவித்தது சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை’ என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ‘கொசோவோ ஒரு நாடு’ என்றோ ‘பிரிந்துபோக உரிமை உண்டு’ என்றோ சொல்லவில்லை. அந்தக் கேள்வி அதனிடம் கேட்கப்படவும் இல்லை.

13. ஐ.நா.வுல சேர்றதுக்கு என்ன வழிமுறை?

ஐ.நா. பொதுச்செயலாளருக்கு விண்ணப்பக் கடிதம், ஐ.நா. சாசனத்தின் கடமைகளை ஏற்கிறோம் என்ற உறுதிமொழி. பிறகு பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரிக்க வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் இந்த ஐந்தில் ஒன்றுகூடத் தடுக்கக் கூடாது. அதன் பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு.

பொதுச்சபையில் எத்தனை நண்பர்கள் இருந்தாலும், பாதுகாப்பு அவையின் பரிந்துரை இல்லாமல் அங்கே போகவே முடியாது. கொசோவோ நிற்கும் இடம் அதுதான்: செர்பியாவுக்காக ரஷ்யா தடுக்கும். தெற்கு சூடானுக்கு 2011 ஜூலை 13 அன்று பாதுகாப்பு அவை, மறுநாள் பொதுச்சபை. சம்மதம் இருந்தால் வேலை இரண்டு நாள்.

14. எல்லைக் கோட்டை யார் போடுறது? புதுசா வரைவாங்களா?

பெரும்பாலும் புதிதாக வரைவதில்லை. பழைய உள்நாட்டு நிர்வாகக் கோட்டையே நாட்டெல்லை ஆக்குவார்கள். தெற்கு சூடானுக்கு எடுத்துக்கொண்டது 1956 ஜனவரி 1 அன்று, சூடான் பிரிட்டிஷ்-எகிப்திய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாளில், மாகாணங்களுக்கு இடையே இருந்த கோடு. வரைபடத்தில் கோடு இருந்தது. தரையில் பல இடங்களில் இல்லை.

அபியே அப்படிப்பட்ட இடம். அதற்குத் தனி வாக்கெடுப்பு, அதே 2011 ஜனவரியில் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. அங்கே நிலையாக வாழும் இங்கோக் டிங்கா மக்கள் மட்டும் வாக்காளர்களா, ஆண்டில் சில மாதம் மாடு மேய்க்க வரும் மிசேரியா மக்களும் வாக்காளர்களா என்பதில் உடன்பாடு இல்லை. ‘அங்கு வசிப்பவர்கள்’ என்று எழுதிவிட்டு, வசிப்பது என்றால் என்ன என்று எழுதாமல் விட்டதன் விளைவு. எரித்திரியாவில் பாத்மே என்ற சிற்றூர் யாருடையது என்பதில் 1998இல் எத்தியோப்பியாவுடன் போர் மூண்டு பல்லாயிரம் பேர் இறந்தார்கள். 2002இல் எல்லை ஆணையம் தீர்ப்பு சொல்லியும் 2018 வரை சமாதானம் வரவில்லை. செக்-ஸ்லோவாக் எல்லையில் இதே மாதிரிச் சிக்கலை 1997இல் இரண்டு சிற்றூர்களைக் கைமாற்றித் தீர்த்துவிட்டார்கள்.

15. பழைய நாட்டோட கடன் யார் தலையில விழும்? எண்ணெய் வருமானம்?

எல்லோருக்கும் பொருந்தும் விதி இல்லை, பேரம்தான். செக்கோஸ்லோவாக்கியாவில் கடனையும் 2:1 என்று பிரித்தார்கள். சூடானில் மொத்த வெளிக்கடனையும் வடக்கே வைத்துக்கொள்ளச் சம்மதித்தது. கடன்காரர்களிடம் தள்ளுபடி வாங்க இரு நாடும் சேர்ந்து முயல்வது நிபந்தனை.

எண்ணெய் வேறு கதை. பழைய சூடானின் எண்ணெயில் சுமார் முக்கால் பங்கு தெற்கில். ஏற்றுமதிக் குழாயும் துறைமுகமும் வடக்கில். குழாய்க்கு ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு வாடகை என்பதைச் சுதந்திரத்துக்கு முன் முடிவு செய்யவில்லை. வடக்கு 30 டாலருக்கு மேல் கேட்டது. தெற்கு ஒரு டாலருக்குக் கீழே சொன்னது. வடக்கு எண்ணெயை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 2012 ஜனவரியில் தெற்கு, தினம் சுமார் 3,50,000 பீப்பாய் உற்பத்தியை மொத்தமாக நிறுத்தியது. தன் அரசு வருமானத்தில் 98 சதவீதம் அதிலிருந்து வந்த நாடு அப்படிச் செய்தது. அந்த ஏப்ரலில் எல்லையோர எண்ணெய் வயலான ஹெக்லிக்கில் இரு படைகளும் மோதின. செப்டம்பரில் அடிஸ் அபாபாவில் வாடகைக் கணக்கு முடிந்தது. கூடவே வடக்குக்கு சுமார் 300 கோடி டாலர் ஈட்டுத்தொகை. இன்றும் அதே குழாய்தான். 2024 பிப்ரவரியில் வடக்கில் நடக்கும் போருக்கு நடுவே அது சேதமானபோது, தெற்கின் கஜானாவும் வற்றியது.

16. நாடு பிரிஞ்ச மறுநாள் காலையில ஒருத்தர் எந்த நாட்டுக்காரர்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் கடைசியில்தான் பேசுகிறார்கள். வடக்கு சூடானில் பல ஆண்டுகளாக வாழ்ந்த தெற்கத்தியர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சூடான் தன் சட்டத்தைத் திருத்தி, தெற்கின் குடியுரிமைக்குத் தகுதி உள்ளவர் சூடான் குடியுரிமையை இழப்பார் என்றது. 2012 ஏப்ரல் 8 வரை ஒன்பது மாத அவகாசம். அதற்குள் வடக்கில் தங்க அனுமதி வாங்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். தெற்கின் கடவுச்சீட்டே பலர் கைக்கு வராத நேரம். 6ஆம் கேள்வியில் பார்த்த 58 சதவீதத்தின் பின்னால் இருந்த கவலை இதுதான் என்று தோன்றுகிறது.

17. பணம், போன் நம்பர், இணைய முகவரி எல்லாம் உடனே கிடைச்சிருமா?

ஐ.நா. உறுப்பினரானால் சீக்கிரம் கிடைக்கும். தெற்கு சூடானுக்குத் தொலைபேசிக் குறியீடு 211 அதே ஜூலையில் கிடைத்தது. ஜான் கரங் படம் போட்ட புதிய பவுண்டும் அந்த மாதமே வந்தது. கொசோவோவில் பல ஆண்டுகள் கைபேசிகள் மொனாக்கோ, ஸ்லோவேனியா குறியீடுகளில் ஓடின. செர்பியாவுடன் பேசிய பிறகே 383 கிடைத்தது. சொந்தப் பணம் கட்டாயமும் இல்லை. கிழக்குத் திமோரிலும் பலாவிலும் அமெரிக்க டாலர். மாண்டினீக்ரோவிலும் கொசோவோவிலும் யூரோ.

18. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிரிஞ்சும் தெற்கு சூடான்ல ஏன் மறுபடி சண்டை?

2005 ஒப்பந்தம் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே எழுதியது. தெற்குக்குள்ளேயே அதிகாரத்தை எப்படிப் பகிர்வது என்பது அதில் போதுமான அளவு இல்லை. பல குழுக்களின் ஆயுதப் படைகள் பெயருக்கு ஒரே ராணுவமாகச் சேர்ந்தன. வீரர்களின் விசுவாசம் அவரவர் தளபதியிடமே இருந்தது. எல்லோரையும் சேர்த்து வைத்திருந்தது எண்ணெய்ப் பணம். அதை நிறுத்தியது 15ஆம் கேள்வியில் பார்த்தோம். 2013 ஜூலையில் துணை அதிபர் ரீக் மச்சார் நீக்கப்பட்டார். டிசம்பர் 15 அன்று தலைநகர் ஜூபாவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. 2015இல் ஒரு ஒப்பந்தம், அது முறிந்து 2018இல் இன்னொன்று. சுதந்திரத்துக்குப் பின் நடக்க வேண்டிய முதல் பொதுத் தேர்தல் பலமுறை தள்ளிப்போய், 2024இல் அறிவித்தபடி 2026 டிசம்பருக்கு நகர்ந்தது.

இதை வைத்து ‘பிரிந்ததே தப்பு’ என்று சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். இரண்டு போரில் அவர்கள் இழந்ததைப் பார்த்தால் அந்த வாக்கு புரியும்.

19. அடுத்த புது நாடு எதுவா இருக்கும்?

கிட்ட நெருங்கி நிற்பது பூகன்வில். பாப்புவா நியூ கினியின் ஒரு பகுதி. பங்குனா செப்புச் சுரங்கத்தைச் சுற்றி எழுந்த தகராறு 1988இல் போராகி, 1998இல் ஓய்ந்தது. 2001 ஆகஸ்ட் அமைதி ஒப்பந்தத்தில் வாக்கெடுப்புக்கு இடம் வைத்தார்கள். 2019 நவம்பர் 23 முதல் டிசம்பர் 7 வரை அது நடந்தது. சுதந்திரத்துக்கு 1,76,928 வாக்குகள். கூடுதல் தன்னாட்சிக்கு 3,043.

இவ்வளவு தெளிவான முடிவுக்குப் பிறகும் பல ஆண்டு கடந்தும் நாடு பிறக்காததற்கு அந்த ஒப்பந்தத்திலேயே காரணம் இருக்கிறது. வாக்கெடுப்பு முடிவு கட்டாயம் அல்ல. இரு அரசுகளும் கலந்து பேச வேண்டும். இறுதி முடிவு பாப்புவா நியூ கினி நாடாளுமன்றத்திடம். தெற்கு சூடான் ஒப்பந்தத்தில் ‘முடிவுக்குக் கட்டுப்படுவோம்’ என்று இருந்த இடத்தில், இங்கே ‘கலந்து பேசுவோம்’ என்று இருக்கிறது. நாடாளுமன்றத்தில் எந்த அளவு பெரும்பான்மை வேண்டும் என்பதிலேயே நீண்ட காலம் இழுபறி. பூகன்வில் தலைவர்கள் 2027க்குள் சுதந்திரம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

பிரான்ஸின் ஆட்சியில் உள்ள நியூ கலிடோனியாவில் 2018, 2020, 2021 என்று மூன்று முறை வாக்கெடுப்பு நடந்து மூன்றிலும் ‘வேண்டாம்’ வென்றது. கடைசியை, கொரோனா சாவுகளுக்கான துக்க காலம் என்று தள்ளிவைக்கக் கேட்டுக் கிடைக்காததால், பூர்வகுடிகளான கனக் மக்கள் புறக்கணித்தார்கள். வாக்குப்பதிவு 44 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த மூன்றாவது முடிவைக் கனக் தலைவர்கள் இன்றுவரை ஏற்கவில்லை.